வேலை விஷயம் இல்லைங்க

“வேலை விஷயம் இல்லைங்க! கடவுள் விஷயம் மட்டுந்தான்!”

வாசலில் நின்று இப்படிக் கூவிவிட்டுத்தான் அவன் கதவைத் தட்டுவான். தட்டியபின் இரண்டடி பின்னால் நகர்ந்து கைகட்டி நிற்பான். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, தோளில் தோல் பை. தெருவில் அவனுக்குக் ‘குட்டிப் பாஸ்டர்’ என்று பெயர். வயது இருபத்துமூன்று. கடல் தாண்டி ஊழியத்துக்கு வந்தவன், என் தையல் கடைக்கு மேல் அறையில் குடியிருக்கிறான்.

அந்தக் கூவலுக்குக் காரணம் உண்டு. இங்கே கேபிள் தொழிற்சாலையை மூடி எட்டு மாதமாகிறது. வீட்டுக்கு ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவன் வந்த புதிதில், டையையும் பையையும் பார்த்து ஏதோ கம்பெனிக்கு ஆள் எடுக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு வெல்டர் தலையை வாரிக்கொண்டு, சான்றிதழ் ஃபைலோடு ஓடிவந்து, “உக்காருங்க சார்” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறார். பையிலிருந்து பைபிள் வெளியே வந்ததும் மனிதருக்கு முகம் செத்துவிட்டது.

“அந்த மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குதுக்கா” என்று இரண்டு நாள் புலம்பினான். டை இல்லாமல் போகச் சபை விதி இடம் தராது. அதனால் கூவுகிறான். பிழைக்கத் தெரியாத பிள்ளை! தானே கத்தி விரட்டிவிட்டு, கதவு திறக்கவில்லையே என்று காத்து நின்றால் எப்படி? வெல்டர் மட்டும் இப்போதெல்லாம் திறக்கிறார். கடவுள் விஷயம் அவருக்கு வேண்டாம். வேலைக்கு விண்ணப்பம் எழுத இவனுடைய அழகான கையெழுத்து வேண்டும்.

எனக்கும் கடவுளுக்கும் ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அது தெரிந்தும், என் வெட்டுத் துணியிலேயே ஒரு கோணல் நட்சத்திரம் செய்து மாடிப்படியில் தொங்கவிட்டிருக்கிறான். சட்டையைத் தானே துவைப்பான், இஸ்திரி மட்டும் முன்பக்கத்தோடு சரி. “பின்னாடி யாருக்கா பாக்கறாங்க? நான் திரும்பறதுக்குள்ள கதவைச் சாத்திடறாங்களே!”

கஷ்ட காலத்தில் யாரும் புதுசு தைப்பதில்லை, பழசைத்தான் பிடித்துத் தரச் சொல்கிறார்கள். தெருவில் யார் எத்தனை அங்குலம் இளைத்தார் என்பது என் டேப்புக்குத் தெரியும். அவனை அனுப்பிய சபையிலும் காணிக்கை வற்றிப்போய், அவன் சாப்பாட்டுப் படியைக் குறைத்துவிட்டார்கள். கேட்டால் “டயட்ல இருக்கேன்க்கா” என்பான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.

போனில் வீட்டாரை முகம் பார்த்துப் பேச ஊழியக்காரர்களுக்குச் சபை தருவது வருடத்தில் இரண்டே நாள். அதில் ஒன்று கிறிஸ்துமஸ். அதற்கு நான்கு நாள் முன்பு அவன் தங்கையின் கடிதம் வந்தது. லாரி கம்பெனியில் அப்பாவுக்கு வேலை போய் மூன்று மாதமாம். ஊழியம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, தெரிந்தால் பாதியில் ஓடி வந்துவிடுவான், யாரும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாராம்.

“கேட்டா அவர் உடைஞ்சு போயிடுவாரு. கேக்கலைன்னா ஏழு மாசமும் தனியா நடிச்சிட்டு இருப்பாரு. என்னக்கா பண்றது?”

எனக்கென்ன தெரியும்? நான் தையல்காரி.

கிறிஸ்துமஸ் காலையில் பெரிதாகிப்போன சட்டையோடு வந்து நின்றான். “அம்மா பாத்தா அழுதுடுவாங்க. கொஞ்சம் பிடிச்சு விடுங்கக்கா.”

“கழட்டிக் குடு, தைச்சே தர்றேன்.”

“தைக்க வேணாம்க்கா. மறுபடி சதை போட்டுடுவேன்ல?”

ஆசையைப் பாருங்கள்! முதுகுப் பக்கம் மடித்து ஏழு குண்டூசி குத்தினேன். முன்னாலிருந்து பார்த்தால் வாட்டசாட்டமான பாஸ்டர். என் போனைத் தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்தேன்.

திரையில் அம்மா, தங்கை, நடுவில் அப்பா. பண்டிகை நாளில், வீட்டுக்குள், கம்பெனித் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டூட்டிக்குக் கிளம்பிட்டிருக்கேன்டா. பண்டிகைன்னா லோடு ஜாஸ்தி, லீவே தர மாட்டேங்கறாங்க” என்று சிரித்தார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். “நீ நல்லா சாப்பிடறியா? உடம்பு தேறிட்ட மாதிரி இருக்கே!”

இவன் அந்தத் தொப்பியையே பார்த்தான். கேட்டுத் தொலையாதேடா என்று ஒரு மனசு எனக்கு. கேட்டுவிடேன்டா என்று இன்னொரு மனசு. அவன் எழுந்து திரும்பி, போனுக்கு முதுகைக் காட்டி நின்றான். இஸ்திரி போடாத முதுகில் ஏழு ஊசியும் மின்னின.

“எடுத்துடுங்கக்கா” என்றான்.

ஒவ்வொன்றாக உருவினேன். சட்டை தொளதொளவென்று தொங்கியது. “அடப்பாவி மகனே” என்று அம்மாவின் குரல் கேட்டது. அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

“நான் இளைச்சுட்டேம்ப்பா.”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.