நாலாம் வீட்டின் முறை

ஐம்பதுகளின் கடைசியில், தேக்கா சந்தைக்குப் பின்னால் எட்டு வீடுகள் ஒட்டியிருந்த ஒரு வரிசையில் நாங்கள் குடியிருந்தோம். எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே அம்மி, ஒரே வார இதழ். மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் அந்த இதழ் முதலாம் வீடான எங்கள் வீட்டுக்கு வந்து, வீட்டுக்கு ஒருநாள் தங்கி, கடைசியில் எங்கள் அலமாரிக்கே திரும்பும். வேண்டியவர் வந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். தனக்கென்று ஒன்று வாங்க யாருக்கும் தோன்றியதில்லை. தனியாகப் படித்துவிட்டு யாரிடம் போய்ப் பேசுவது?

அட்டையின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டுவது என் வேலை. அதில் வீட்டு எண்களை வரிசையாக எழுதுவேன். படித்தவர் தன் எண்ணுக்குப் பக்கத்தில் டிக் போட்டு அடுத்த வீட்டில் கொடுக்கவேண்டும். மூன்றாம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டேதான் படிப்பார்கள். அந்த வீட்டைத் தாண்டிய இதழில் சம்பால் மிளகாய் விழுதின் எண்ணெய் இல்லாமல் இருக்காது. நாலாம் வீட்டு அக்காதான் அந்தக் கறைமேல் முகப்பவுடரைத் தூவி, உறிஞ்சவிட்டு, ஊதி அனுப்புவார். குழாயடியில் தொடர்கதைப் பேச்சைத் தொடங்குவதும் அவர்தான். என் பிரசவத்துக்குப் பிறகு பத்துநாள் எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டதும் அவர்தான். அதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அடுத்த வருஷம் அக்காவுக்குக் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். வந்த வாரமே நான் சீட்டை மாற்றி எழுதினேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. எல்லாவற்றுக்கும் கீழே நான்கு. அவர் தொட்ட பிறகு அதை வேறு யாரும் தொடவேண்டியிராது. அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இடுப்பில் குழந்தை இருந்தது, பயந்துவிட்டேன். மற்ற ஆறு வீட்டாரும் சீட்டைப் பார்த்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்குத் தைரியமாகப் போயிற்று.

அக்கா வாசலுக்கு வந்தார். படியேறவில்லை.

“தங்கச்சி, இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பழையபடி நாலாவதாவே எழுதலாம் லா.”

“கடைசியா இருந்தா திருப்பிக் குடுக்கிற அவசரம் இல்லையே அக்கா. நீங்களே வச்சுக்கலாம். உங்களுக்குத்தான்.”

“எனக்கே எனக்குன்னா, நான் வச்சுக்கிட்டு என்ன செய்யறது?”

நான் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். அவர் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். குழந்தை தாவியது. அவர் கையை நீட்டவில்லை.

ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. அந்த வரிசையில் சொந்தமாக இதழ் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். அவர் கைக்கு ஒரு இதழ் போய்ச்சேரும்போது நாங்கள் அடுத்ததைப் பேச ஆரம்பித்திருப்போம். அவரும் எல்லோரும் தண்ணீர் பிடித்துப் போனபிறகே குழாயடிக்கு வரப் பழகிக்கொண்டார்.

பிறகு அவர்களுக்கு அரசாங்க அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. அவர்கள் புறப்பட்ட காலையில் நான் வேண்டுமென்றே சந்தையில் நேரத்தைக் கடத்தினேன். திரும்பி வந்தபோது எங்கள் வாசலில் பழுப்புத் தாள் சுற்றிய ஒரு பெரிய கட்டு இருந்தது. ஒன்றரை வருஷத்து இதழ்கள் அத்தனையும் உள்ளே இருப்பது ஓரத்தில் தெரிந்தது. கயிற்றை விரல்நுனியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், பின்சந்தில் ஒரு பழைய தகர டின்னில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். தள்ளிவிட ஒரு குச்சி எடுத்து வைத்திருந்தேன்.

கயிறும் மேல்தாளும் எரிந்து விலக, முதலில் இருந்த இதழின் அட்டை சூட்டில் தானாகத் திறந்தது. உள்ளே என் சீட்டு. எட்டு எண்ணுக்கும் நேரே டிக் இருந்தது. கடைசியில் இருந்த நான்குக்குக் கீழே, என் கையெழுத்து இல்லாத ஒரு எண்ணை அக்கா பென்சிலால் சேர்த்திருந்தார். ஒன்று. எங்கள் வீடு. அதற்கு நேரே டிக் போட இடம் விட்டிருந்தார். பக்கத்திலிருந்த சம்பால் கறைமேல் பவுடர் வெள்ளையாகப் படிந்திருந்தது.

குச்சி என் கையில்தான் இருந்தது. வெளியே இழுத்திருக்கலாம். நான் இழுக்கவில்லை.