மோர்டனிலிருந்து எட்ஜ்வேர் வரை: பணம் கேட்கப் படிக்கப் போன ஞாயிறு

காலை 8.05, மோர்டன். லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தில் கருப்பாக ஓடும் கோட்டின் தெற்குக் கடைசி மோர்டன். வடக்குக் கடைசிகளில் ஒன்று எட்ஜ்வேர். இந்தக் கடைசியில் எட்டு வருடம் குடியிருந்தும் அந்தக் கடைசிக்கு நான் போனதில்லை. டூட்டிங்கில் மரக்கறி, பால்ஹமில் வேலை, அதற்கு மேல் கோடு போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பெப்ரவரி ஞாயிறு, இரண்டு பவுண் சொச்சத்துக்கு ஒரு நாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு முழுக் கோட்டையும் பார்க்கப் புறப்பட்டேன்.

கூட வந்தவர் பரமேஸ் அண்ணை. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைவர் அவர், செயலாளர் நான். மோர்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஏப்ரலில் இருந்து வாடகை ஏறுகிறது. நானூறு பவுண் கிடைக்காவிட்டால் மண்டபம் இல்லை. சிறு உதவித்தொகை கொடுக்கும் ஒரு நிதியத்துக்கு புதன்கிழமைக்குள் விண்ணப்பம் போக வேண்டும். பரமேஸ் அண்ணை ஒன்பது பக்கம் எழுதியிருந்தார்.

நான் வேலை செய்யும் மருந்துக்கடையின் மருந்தாளர் மிரியம், யூதப் பெண். எட்ஜ்வேரில் அவர்களுடைய ஞாயிறு பள்ளிக்கூடத்தை நடத்துகிறவள். நூறு பவுண், இருநூறு பவுண் என்று வாங்கியே பல வருடம் ஓட்டுகிறாள். எப்படி என்று கேட்டேன். "வந்து பார். எழுதினவரையும் கூட்டி வா" என்றாள்.

8.15, டூட்டிங் பிராட்வே. பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்த களையோடு ஒருவர் ஏறினார். பரமேஸ் அண்ணையைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அண்ணை, ஞாயிறும் அதுவுமா விடிய வெள்ளன எங்கை போறியள்?"

"எட்ஜ்வேருக்கு. யூதப் பள்ளிக்கூடம் பாக்க."

"அவையளுக்கும் கேஸ் எழுதப் போறியளோ?"

சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "அக்கா, என்ரை கேஸ் அண்ணை எழுதினதுதான். ஹோம் ஒபிஸ்காரன் வாசிச்சுப்போட்டு கண் துடைச்சவனாம்."

துடைத்தானோ இல்லையோ, அவருக்கு விசா கிடைத்தது. தெற்கு லண்டனில் அகதி விண்ணப்பம் என்றால் பரமேஸ் அண்ணையின் கைதான். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். எந்தச் சோகத்தை விண்ணப்பத்தின் எந்தப் பந்தியில் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஸ்டொக்வெல்லில் அந்த மனிதர் இறங்கும்வரை அண்ணைக்கு உச்சி குளிர்ந்தபடியே இருந்தது.

9.10, கோல்டர்ஸ் கிரீன். ஒரு மணி நேர இருட்டுக்குப் பிறகு ரயில் வெளியே வந்தது. மழை. அதற்குப் பிறகு ஐந்து நிலையங்களும் வானத்தின் கீழ்தான். எட்ஜ்வேரில் இறங்கியபோது 9.25.

எட்ஜ்வேரில் ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்தின் தொடக்கம் போலிருக்கிறது. மற்ற இடங்களில் பூட்டிக்கிடக்கும் நேரத்தில் இங்கே வெதுப்பகத்தில் வரிசை. நடுவில் ஓட்டை வைத்த பாண், பேகல் என்கிறார்கள், ஒன்று பதினெட்டுப் பென்ஸ். இரண்டு வாங்கினோம். வெளியே மினுக்கம், உள்ளே நல்ல கனம். அண்ணை பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இதற்கு மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச்சம்பல் நன்றாக இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார்.

நிலையத்திலிருந்து அரை மைல் நடை. பள்ளிக்கூடம் தொழுகைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகை. வாசலில் மழைக்கோட்டுடன் ஒருவர் நின்று எங்கே போகிறீர்கள், பையில் என்ன என்று விசாரித்தார். பரமேஸ் அண்ணையின் கை தானாகவே சட்டையின் உள்பைக்குள் போய், இந்த நாட்டில் இருக்க ஹோம் ஒபிஸ் தந்த அனுமதிக் கடிதத்தை எடுத்து நீட்டியது. கேட்காத பத்திரத்தைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். நானும் கைப்பையைத் திறந்து பிடித்தபடி நின்றேன் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஐயோ, அது வேண்டாம்" என்றார் வாசல்காரர். அவர் பல் வைத்தியர், ஒரு பிள்ளையின் தகப்பன். பெற்றோர் முறை வைத்துக் காவல் நிற்கிறார்கள். "எங்கள் பள்ளிக்கூடங்களுக்குக் காவல் வேண்டியிருக்கிறது. அதற்காகப் பூட்டிவிட்டுப் போக முடியாதே."

உள்ளே மடக்குத் தட்டிகளால் பிரித்த நான்கு வகுப்புகள். பிள்ளைகள் வலமிருந்து இடமாக எபிரேயம் வாசித்தார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டாள். ஒருவன் மேசைக்குக் கீழே காற்பந்தாட்ட அட்டைகளை மாற்றிக்கொண்டிருந்தான். எங்கள் பிள்ளைகளைவிட இவர்கள் பக்தியாக இருப்பார்கள் என்று பயந்து வந்த எனக்குப் பெரிய ஆறுதல்.

மிரியம் சுற்றிக் காட்டினாள். இந்தச் சூடாக்கி ஒரு உதவித்தொகை. அந்த நகலெடுக்கும் இயந்திரம், பழையது, இன்னொன்று. புதன்கிழமை முதியவர்களை மதியச் சாப்பாட்டுக்கு ஏற்றிவரும் வேனுக்கு எண்ணெய்க் காசு மூன்றாவது. எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் சேர்த்து வைத்த ஒரு சிறு நிதியிலிருந்து. கேட்பவர்களிடம் நிதிக்காரர் மூன்று பேர் வந்து, பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் ஒரு மணி நேரம் குந்தியிருந்து பார்ப்பார்கள். விண்ணப்பம் ஒரே ஒரு பக்கம். "எங்கள் நிதி எங்கள் சமூகத்துக்கு மட்டும். உங்களுக்கு அதிலிருந்து தர விதியில்லை" என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். எனக்கு அது பிடித்தது.

10.40. அலுவலக அறை. மிரியம் எங்கள் ஒன்பது பக்கத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்தாள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் தருகிறேன்.

"இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, இல்லையா?"

"இல்லை" என்றார் அண்ணை.

"ஆனால் பள்ளிக்கூடம் ஏழாம் பக்கத்தில்தான் வருகிறது. அதுவரை வீடு எரிகிறது, குண்டு விழுகிறது, பங்கருக்குள் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் நிதியின் படிவத்தில் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. நாங்கள் தராவிட்டால் என்ன செய்வீர்கள்? நீங்கள் என்ன எழுதுவீர்கள்?"

"பூட்டத்தான் வேண்டும் என்று எழுதுவேன். அதுதானே உண்மை."

"அப்படியானால் எங்கள் நிதிக்காரர் தரமாட்டார்கள்."

அண்ணையின் முகம் கறுத்தது. தாள்களை அடுக்கினார். என்னிடம் தமிழில் சொன்னார்: "எழும்பு தங்கச்சி. இவைக்கு எங்கடை கஷ்டம் விளங்காது."

சொன்னது அவளுக்குப் புரிந்திருக்காது, தொனி புரிந்திருக்கும். அவள் எழுந்து கதவை மறிக்கவில்லை, குரலைத் தாழ்த்தவுமில்லை. "என் அப்பா, யூதரை வேட்டையாடிய காலத்தில், வியன்னாவிலிருந்து பதினாலு வயதில் தனியாக வந்தவர். வந்த நாளிலிருந்து இப்படித்தான் கடிதம் எழுதினார், தன் அம்மா அப்பாவை இங்கே எடுப்பிக்க. பக்கம் பக்கமாக. அதற்கு அப்படித்தான் எழுத வேண்டும். அவர்கள் வந்து சேரவில்லை. பிறகு இந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அப்பா அதே மாதிரி எழுதினார். அவருக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை. நிதிக்காரர் ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று எழுது, பரிதாபத்தை எங்களிடம் விற்காதே என்றாராம். அப்பா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை."

அண்ணை மறுபடி நாற்காலியில் இருந்துவிட்டார். நான்தான் கேட்டேன், பூட்ட வேண்டி வந்ததே இல்லையா என்று.

"ஒரு முறை வெளியாள் ஒருவர் பெரிய தொகை தர வந்தார். எபிரேயம் வேண்டாம், பொதுவான சிறுவர் கழகமாக மாற்றுங்கள் என்றார். வேண்டாம் என்றோம். அந்தக் குளிர்காலம் சூடாக்கி இல்லை. பிள்ளைகள் கோட்டோடு இருந்து படித்தார்கள். பெற்றோர் திட்டினார்கள். பூட்டவில்லை."

எனக்குக் கெஞ்சுவது பிடிக்காது என்று பெருமையடிப்பேன். அந்த ஒன்பது பக்கத்தையும் தட்டச்சு செய்தது நான்தான். ஒவ்வொரு பந்தியும் நம் வாழ்க்கை. அதை நாம் மறைக்கவும் தேவையில்லை. ஆனால் நானூறு பவுணுக்கு அதை ஏன் கடை விரித்தோம்? இந்த நாட்டில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, உனக்கு என்ன கொடுமை நடந்தது என்பது. அந்தக் கேள்வியைக் கேட்காத இடத்திலும் அதற்கே பதில் சொல்லிக்கொண்டு திரிகிறோம். அந்த அறையில் எனக்கு வெட்கம் வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. கோபம்தான் நிமிர உதவியது.

விடைபெறும்போது அண்ணை மிரியத்தை எங்கள் வகுப்புக்கு அழைத்தார். சனிக்கிழமை அவள் ரயில் ஏறமாட்டாள், அது அவர்களுடைய ஓய்வு நாள். "அப்ப உமக்காக ஒரு ஞாயிறு வைக்கிறம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு மொழிபெயர்த்தார்.

பகல் 12.50, திரும்பும் ரயில். கென்னிங்டனில் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் உண்மையா என்ன படிக்கினம்?"

"உங்களுக்குத் தெரியாதோ, அண்ணை?"

"தெரியும். ஒருநாளும் எழுதிப் பாக்கேல்லை."

மோர்டன் வருவதற்குள் ஒரு பக்கம் எழுதி முடித்தார். கடைசி வரி: தராவிட்டாலும் பள்ளிக்கூடம் நடக்கும். எங்கே நடக்கும் என்று கேட்டேன். "அது எங்கடை பாடு, அவையின்ரை பாடில்லை" என்றார். திங்கட்கிழமையே தபாலில் போட்டேன்.

மார்ச் கடைசியில் பதில் வந்தது. இரண்டு வரி. தரவில்லை. நேர்மையாக எழுதினால் கிடைத்துவிடும் என்று யாராவது இந்தக் கட்டுரையை வாசித்து நினைத்தால், அப்படி இல்லை.

ஏப்ரல் முதல் சனி, காலை பத்து மணி, மோர்டனில் பரமேஸ் அண்ணையின் இரண்டறை வீடு. பாலர் வகுப்பு குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். நான்காம் வகுப்பு படிக்கட்டில், ஒரு படிக்கு இருவர். பெரிய பிள்ளைகளுக்குக் கட்டில். முப்பத்தெட்டில் முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி மணியடித்து, இது எத்தனை மணிவரை என்று கேட்டாள். பன்னிரண்டரை வரை, அடுத்த சனியும் உண்டு என்றேன்.

எட்ஜ்வேரில் நாற்பது வருடமாகக் கொட்டகை இருக்கிறது. எங்களிடம் படிக்கட்டு இருக்கிறது. அந்த வித்தியாசம் பெரியது, அதைச் சின்னதாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

வகுப்பு முடியுமுன் அண்ணை நிதியத்துக்குப் பதில் எழுதி, தட்டச்சு செய்யச் சொல்லி என் கையில் தந்தார்:

"ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அறிவிக்கிறோம்: இன்று நான்காம் வகுப்பு ழகரம் படித்தது. அடுத்த வருடமும் விண்ணப்பிப்போம்."