ஒரு மணித்தியாலம் என்று சொன்னேன்

போர் முடிந்தபின் நடந்த மீள்குடியேற்றத்தில் மடு என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வயலுக்குத் திரும்பியவன் நான் மட்டும்தான். பெற்றோரும் தம்பியும் திருச்சி அகதி முகாமிலேயே தங்கிவிட்டார்கள்.

அப்பாவுக்கு நோய் கடுமை என்று ஒருநாள் காலை தம்பி போன் எடுத்தான். விசா கையில் தயாராக இருந்தது. அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"பயப்பிடாதேங்கோ அப்பா. பிளேன் ஒரு மணித்தியாலம்தான். பின்னேரம் உங்களிட்ட நிப்பன்."

எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்தத் தூரத்தை அப்படித்தான் சொல்வார்கள். விமானம் ஏறக் கொழும்புக்குப் போகவே பஸ்ஸில் ஒரு பகல் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவரைத் தேற்றும் அவசரத்தில் அதைச் சொல்லவில்லை.

நான் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அன்றைய விமானம் போய்விட்டது. தம்பிக்கு எடுத்தால் போன் வேலை செய்யவில்லை.

மறுநாள் முகாமுக்குப் போனேன். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

"பொழுதுபட்டும் உங்களைக் காணேல்லை எண்ட உடனை, பிளேன் விழுந்துபோச்சு எண்டே அப்பா நினைச்சிட்டார்," என்று தம்பி அழுதான். "'என்ரை பிள்ளைக்கு நானோ கொள்ளி வைக்கிறது' எண்டு கேட்டுக் கேட்டுத்தான், அண்ணா, அவர் கண்ணை மூடினவர்."

அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். பார்க்கப் போகும்போது, வருகிறேன் என்று இப்போது நான் முன்கூட்டிச் சொல்வதே இல்லை. வாசலில் போய் நின்ற பிறகுதான் அவரைக் கூப்பிடுகிறேன்.