இறால் ஓட்டுப் பொடி

"பேப்பர்ல போட்டவன் கேனயன், அஞ்சாவது படிக்கிற நீ பெரிய இவளா?" என்று கேட்டார் மாமா, அம்மாவின் தம்பி. டீக்கடையிலிருந்து கொண்டுவந்த செய்தித்தாளை என் கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லி, நான் வாசித்து முடித்த பிறகு கேட்ட கேள்வி இது.

நொச்சிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கரண்ட் பில், மருந்துச் சீட்டு எல்லாம் என் வாய் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். அதில் எனக்குக் கர்வம் உண்டு; இன்றும் உண்டு. இறால் ஓட்டில் சர்க்கரை நோய்க்கு மருந்து இருப்பதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது அன்றைய தலைப்பு. அம்மாவுக்குச் சர்க்கரை. அவள் ரோட்டோரம் மீன் விற்பவள். இறாலை உரித்து ஓட்டைக் கூடை கூடையாகக் குப்பையில் கொட்டுபவள். மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாம் தூக்கிப் போடுவதைத்தான் உலகமே தேடுகிறது என்று பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

நான் கடைசி வரியையும் வாசித்திருந்தேன். ஓட்டிலிருந்து பிரித்தெடுத்த ஏதோ ஒரு பொருளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை குறைந்ததாம். எலிக்குத்தானே மாமா என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் 'பெரிய இவள்' பட்டம். கூடவே ஒரு விளக்கமும் கிடைத்தது.

"எலி இத்தினியூண்டு கீது. அதுக்கே கேக்குதுன்னா உங்கம்மாவுக்குக் கேக்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்தான்.

மறுநாளிலிருந்து வலை காயும் இடத்துக்குப் பக்கத்தில் ஓடு காய்ந்தது. காக்காய் விரட்டுவது என் வேலை. எலிக்குக் கொடுத்தது ஓட்டையா, அதிலிருந்து எடுத்ததையா என்று மறுபடி கேட்டேன். காக்காயைப் பார் என்றார்கள். மாமா ஓட்டை இடித்துச் சலித்துக் கஞ்சியில் கலந்து கொடுத்தார். அம்மா மாத்திரையை நிறுத்தினாள். உடம்பு லேசாக இருக்கிறது என்றாள். அதையே சாட்சியாக வைத்து மாமா குப்பமெங்கும் பொடி கொடுத்தார். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தாலாவது யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

பிறகு அம்மாவின் கால் விரலில் மீன் முள் குத்தியது. ஆறவே இல்லை. கறுத்தது. ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று டாக்டர் கேட்டார்.

"பேப்பர்லயே போட்டிருந்தாங்க டாக்டர். எம்பொண்ணுதான் படிச்சா," என்றாள் அம்மா. அதையும் பெருமையாகத்தான் சொன்னாள்.

மாமா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஓடு சரியாகக் காயவில்லையாம். காக்காய் விரட்டியவளுக்குக் கவனம் போதாதாம்.

நான் சின்னப் பெண் என்பதால்தான் யாரும் காதில் வாங்கவில்லை என்று அப்போது நினைத்தேன். படித்துவிட்டு வந்து சொன்னால் கேட்பார்கள் என்று நம்பினேன். உயிர்வேதியியலே படித்தேன். மாமா இப்போதும் இந்த மாதிரிச் செய்திகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். எலியா, மனிதரா, எத்தனை பேர் என்று நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதிலுக்கு ஒரு சிரிக்கிற பொம்மை வரும்.

அன்று எனக்குப் புரியாதது வேறொன்று. மாத்திரைக்காக மாதாமாதம் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டும். வியாபாரத்திலிருந்து நேராக வருகிற அம்மாவின் சேலை வாடை தாங்காமல் பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போவார்கள். பொடிக்கு வரிசை கிடையாது. எலியைப் பற்றிய என் கேள்வி எவ்வளவு சரியாக இருந்திருந்தாலும் அந்த மூக்குகளை அது ஒன்றும் செய்திருக்காது.

நேற்று மாமா கடற்பாசிப் பொடியைப் பற்றி ஒரு பத்திரிகைச் செய்தி அனுப்பினார். எலிகள்மீதுதான் சோதனை நடந்தது என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள் என்று அந்தப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். இன்று விடிந்ததும் அம்மாவின் சீட்டோடு வரிசையில் வந்து நின்றுவிட்டேன். மீன் கூடை காலியானதும் அதே சேலையோடு நேராக வருவாள். எனக்கு முன்னால் அவளுக்கு இடம் விட்டிருக்கிறேன்.