மிஸ் கேட்காமல் விட்ட கேள்வி

மிஸ்ஸின் ஸ்கூட்டர் ஒழுங்கை முனையில் திரும்பும் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கலவரம் நடக்கும். அம்மா குசினிக்குள் ஓடிப்போய் பிள்ளையின் வயிற்று வலிக்குக் கொடுக்கிற கிரைப் வோட்டர் போத்தலை அரிசி வாளிக்குள் புதைத்துவிடுவார். கற்கண்டுத் தண்ணீர் இருந்த கிண்ணம் கழுவுகிற தொட்டிக்குள் போகும். நான் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பால் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத முகத்தோடு கதிரையில் இருப்பேன்.

மிஸ் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். பிள்ளை பிறந்த வீடுகளுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துப் போவது அவர் வேலை. பிள்ளையின் தொப்புளைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

“தாய்ப்பாலைத் தவிர வேறை ஒண்டும் குடுக்கிறேல்லைத்தானே?”

“இல்லை மிஸ்.”

எங்கள் ஓர்ஸ் ஹில் பக்கத்தில் பிள்ளை பெற்ற பெண்களில் பாதிப் பேராவது இந்தப் பொய்யைச் சொல்லியிருப்பார்கள். அதனால் எனக்கு அது பொய்யாகவே படவில்லை. வெட்கமெல்லாம் மகளின் அழுகையில்தான் இருந்தது.

அவள் விளக்கு வைக்கிற நேரம் பார்த்துத் தொடங்குவாள். கால்களை வயிற்றோடு மடக்கி, முகம் சிவந்து, மூச்சு அடங்கிவிடுமோ என்று நாங்கள் பயப்படும் அளவுக்கு அழுவாள். ஏணையில் போட்டு ஆட்டினாலும் அழுகை, தோளில் போட்டாலும் அழுகை. மிஸ்ஸிடம் சொன்னபோது, “நிறை நல்லாக் கூடுது. சில பிள்ளையள் இப்பிடித்தான், கொஞ்ச மாதத்திலை தானாய் நிக்கும்” என்றார். கொஞ்ச மாதம் என்று வாயால் சொல்வது சுகம். பக்கத்து வீட்டு அக்கா மதிலால் எட்டிப் பார்த்து, “பிள்ளைக்குப் பால் காணாது போலை” என்பார். நான் சிரித்துவிட்டு உள்ளே போய் அழுவேன். கிண்ணியாவில் வேலை முடிந்து வரும் என் கணவர், “பாலம் தாண்டேக்கையே மகளின்ரை சத்தம் கேட்டுது” என்று ஒருநாள் பகிடி விட்டார். பகிடிதான். ஆனாலும் அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வழி சொன்னவர் கனடாவில் இருக்கும் மச்சாள், என் கணவரின் அக்கா. தன் மகனும் இப்படித்தான் அழுதானாம். அங்கே கைரோபிராக்டர் என்று ஒருவர் பிள்ளையின் முதுகெலும்பை விரலால் மெல்ல அழுத்திச் சரிசெய்தாராம். அன்றே பிள்ளை நித்திரையாம். “அங்கை ரவுணிலையும் இப்ப ஆரோ வந்து செய்யினமாம், தேடிப் பாருங்கோ” என்றார். தேடினேன். மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில், வெளிநாட்டில் படித்த ஒருவர் சனிக்கிழமைகளில் வந்து பார்க்கிறார் என்று தெரிந்தது. கணவர் “உன்ரை விருப்பம்” என்றார். அதற்கு அர்த்தம், ஏதும் பிழையாய்ப் போனால் பழி உனக்கு.

மச்சாள் ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைக் கால்களில் பிடித்துத் தலைகீழாகத் தூக்குகிறார்கள். என் மகளுக்குக் கழுத்து இன்னும் நிற்கவில்லை. அந்தக் கழுத்தை ஒருவர் கையில் கொடுக்கப் போகிறேன், ஏதும் நடந்தால் என்ன செய்வது? அதுதான் படியேறும்போது என் மனதில் இருந்தது. ஆனால் இன்னொரு பின்நேரத்தைத் தாங்க என்னால் ஏலாது என்பதும் இருந்தது.

மேல்மாடியில் ஒரு திரை, திரைக்கு வெளியே நாலைந்து பிளாஸ்ரிக் கதிரைகள். ஒன்றில் முக்காடு போட்ட மாதிரிச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு ஒரு பெண் இருந்தார். மடியில் கண்ணை முழித்துக்கொண்டு ஒரு ஆண்பிள்ளை. என்னைக் கண்டதும் அவர் தலைப்பை இன்னும் இழுத்தார். அப்போதுதான் எனக்கு ஆளைத் தெரிந்தது.

மிஸ்.

சீருடை இல்லை, ஸ்கூட்டர் தொப்பி இல்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. நாற்பதைத் தாண்டிய அவருக்கு ஒரு கைக்குழந்தை இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. எத்தனை தரம் எங்கள் வீட்டுக்கு வந்து என் பிள்ளையின் கதையைக் கேட்டிருப்பார், நான் ஒருநாளாவது அவர் கதையைக் கேட்டேனா? சொல்ல வெட்கம்தான், அந்த நேரம் எனக்கு முதலில் வந்தது சந்தோசம். பிடிபட்டது நான் மட்டுமில்லை என்ற கேவலமான சந்தோசம். அடுத்த நிமிடமே அவரைப் பார்க்க முடியாமல் மகளின் தொப்பியைச் சரிசெய்தேன்.

“இவன் நித்திரை கொள்ளுறானில்லை,” என்றார் மிஸ், நான் கேட்காமலே. “பகல் முழுக்க ஸ்கூட்டரிலை திரியிறன். நேற்று ஒரு வீட்டிலை பிள்ளையை நிறுக்கேக்கை நிண்டபடியே கண் மூடிட்டுது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆருக்கும் சொல்லாதைங்கோ, என்ன?” என்றார்.

என்னை அதட்டிக் கேள்வி கேட்கிற மனிசி என்னிடம் கெஞ்சுவதைக் கேட்க எனக்குக் கோபம்தான் வந்தது. யாரில் கோபம் என்று தெரியவில்லை.

திரைக்கு உள்ளே ஒரு பிள்ளை வீரிட்டது. “பயப்பிடாதைங்கோ அம்மா, ஒண்டும் நோகாது” என்று ஒரு ஆண்குரல் மரியாதையாகச் சொன்னது. அடுத்து மிஸ்ஸின் முறை. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். எழும்பியவர் நடக்கவில்லை.

“மிஸ், இது நல்லதோ?” என்று கேட்டேன்.

“என்னை மிஸ்ஸெண்டு நினைச்சுக் கேக்கிறீங்களோ?”

“ஓம்.”

“மிஸ்ஸெண்டு கேட்டால், வேண்டாம். இந்த வயதுப் பிள்ளையின்ரை முள்ளந்தண்டிலை ஒருத்தரையும் கை வைக்க விடாதைங்கோ. இதாலை சுகம் வருமெண்டு எங்களுக்குப் படிப்பிக்கேல்லை.”

“தாயெண்டு கேட்டால்?”

அவர் மகனை நெஞ்சோடு இறுக்கினார். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். அவர் திரும்பி என் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் களவெடுத்த ஆட்கள் மாதிரிப் படியிறங்கினோம்.

கீழே ஒரு ஓட்டோவில் ஏறினோம். ஓட்டோ குலுங்கிய குலுக்கலில் உட்துறைமுக வீதிக்கு வருவதற்குள் இரண்டு பிள்ளைகளும் நித்திரை. இறங்கினால் எழும்பிவிடுவார்கள் என்று இன்னொரு சுற்றுப் போகச் சொன்னோம். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகள்போலத் திரியும் மான்கள் சில குறுக்கே நின்றன. அவற்றுக்கு ஓட்டோக்காரர் கோர்ன் அடிக்கப் பார்க்க, இரண்டு பேரும் ஒரே குரலில் “அடிக்காதைங்கோ” என்றோம். மிஸ் தன் பக்கத்துக் கடலைப் பார்த்தார், நான் என் பக்கத்து மதில்களைப் பார்த்தேன்.

அடுத்த முறை அவர் வீட்டுக்கு வந்தபோது, அம்மா வழக்கம்போல அரிசி வாளிக்கு ஓடினார். மிஸ் சீருடையில் வந்தார். பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் முன்னைப்போலத்தான். கண்ணைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், பையை மூடினார். “சரி, அப்ப வாறன்” என்று எழும்பினார்.

கேள்வியைக் கேட்கவில்லை.

முதலில் அப்பாடா என்றிருந்தது. அடுத்த கணமே அந்த நிம்மதி போய்விட்டது. அந்தக் கேள்விக்கு நான் எத்தனை தரம் பொய் சொல்லியிருப்பேன். ஆனாலும் என் பிள்ளையைப் பற்றி நாக்கூசாமல் என்னை விசாரிக்க ஊரில் ஒரு ஆள் இருந்தார். இனிமேல் அந்த ஆளும் இல்லை. எனக்கு அவரில் வெட்கம், அவருக்கு என்னில் வெட்கம். இரண்டு பேரின் வெட்கத்துக்கும் நடுவில் என் மகள் கேட்பாரில்லாமல் கிடந்தாள்.

“மிஸ்,” என்றேன். சத்தம் கொஞ்சம் கூடித்தான் போயிற்று. “கேக்கிறதைக் கேட்டிட்டுப் போங்கோ.”

அவர் வாசலில் நின்றார். “நான் எந்த முகத்தோடை கேக்கிறது?”

“கேளுங்கோ.”

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார், பாடம் மறந்த பிள்ளை ஒப்புவிப்பதுபோல. “தாய்ப்பாலைத் தவிர வேறை ஒண்டும் குடுக்கிறேல்லைத்தானே?”

“குடுக்கிறனாங்கள் மிஸ்.”

குசினிக்குள் ஏதோ மூடி விழுந்து உருண்டது. மிஸ் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். “கொண்டு வாங்கோ, பாப்பம்” என்றார். இப்போது அது பழைய குரல். அம்மா என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்துக்கொண்டு போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். அதன் கழுத்தில் அரிசி ஒட்டியிருந்தது. மிஸ் அதைத் தட்டிவிட்டு, எவ்வளவு கொடுக்கிறீர்கள், எந்தத் தண்ணீர், எந்தக் கரண்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முகம் எரிய எரிய எல்லாவற்றுக்கும் உண்மை சொன்னேன். கற்கண்டுத் தண்ணீரையும் சொன்னேன். நல்ல ஏச்சு விழுந்தது.

ஏசி முடித்து அவர் எழும்பியபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“மிஸ், உங்கடை மகன் இப்ப நித்திரை கொள்ளுறாரோ?”

அவர் ஸ்கூட்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அதை அவரிடம் இதற்கு முதல் ஒருவரும் கேட்டதில்லை போலிருந்தது.

“இல்லை,” என்றார். திரும்பவும் கதிரையில் இருந்தார்.