மூன்று கட்டில்களில் கூடிய சபை

அந்த ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறை நர்ஸை எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்கும் வயது. கணவர் இறந்து பல காலமாயிற்று, பிள்ளை கிடையாது. வீட்டில் வயதான அப்பா மட்டும். சிறுநீரகம் கைவிட்டவர்களின் கையில் ஊசி ஏற்றி, ரத்தத்தை மிஷினுக்கு அனுப்பிச் சுத்தம் செய்து உடம்புக்கே திருப்புவது அவர் வேலை. அதுவரை நோயாளி அரை நாள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். உடம்பு படுத்தால் வாயும் படுத்துவிடுமா என்ன?

ஜன்னலோரக் கட்டில்களுக்கு எப்போதும் அதே மூன்று பேர் வருவார்கள். ஒருவர் லாரி ஓட்டியவர். மூக்கின் மேல் கோபம். அடுத்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருப்பார். மூன்றாவது, மளிகைக் கடைக்கார அம்மா. அவர் நாக்கில் எலும்பும் இல்லை, இரக்கமும் இல்லை. ஒருநாள், உலகத்து மகான்களில் யார் பெரியவர் என்று தொடங்கிய பேச்சு முற்றிப்போய், லாரிக்காரர் ஊசி ஏற்றியிருந்த கையையே ஓங்கிவிட்டார். மிஷின் அலறியது.

சிஸ்டர் ஓடிவந்து அந்தக் கையை மெல்ல இறக்கி வைத்தார்.

"அந்தப் பெரியவங்க இப்போ இங்க வந்து உட்கார்ந்தா இப்படியா அடிச்சுக்குவாங்க?"

"அவங்க காலத்துல என்ன தொல்லை இருந்துச்சு? இந்தக் காலத்துல வந்து பார்க்கட்டும்," என்றார் கடைக்கார அம்மா.

"சரி, வரவழைப்போம். நம்ம தொல்லைக்கு அவங்க என்ன தீர்ப்பு சொல்றாங்கன்னு பார்ப்போம். யார் யாருன்னு நான்தான் சொல்வேன்." சிஸ்டர் லாரிக்காரரைப் பார்த்தார். "நீங்க புத்தர். கோபப்படக்கூடாது. சார், நீங்க சாக்ரடீஸ். கேள்வி மட்டும்தான் கேக்கலாம். பதில் சொன்னா அவுட். அம்மா, நீங்க மகாவீரர். வார்த்தையால்கூட ஒரு உயிரையும் நோகடிக்கக்கூடாது."

"அதுக்கு என் மூச்சையே நிறுத்திடலாமே!"

முதல் வழக்கைக் கொண்டுவந்ததும் அந்த அம்மாவேதான். சொந்தமாக மளிகைக் கடை இருக்க, மருமகள் போனில் சோப்பு வாங்குகிறாளாம். மகாவீரராக இருந்ததால் திட்ட முடியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, "அது... நல்ல பொண்ணுதான்," என்றார். சாக்ரடீஸ் தலையைச் சொறிந்தபடி, "அந்தப் பொண்ணு கடைக்கு வந்தா நீங்க முதல்ல என்ன கேப்பீங்க?" என்றார்.

"போன வாரம் வாங்கினது அதுக்குள்ள தீர்ந்துடுச்சான்னு கேப்பேன்."

சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்கே உறைத்தது. லாரிக்காரர் சிரித்த சிரிப்பில் மிஷின் மறுபடி அலறியது.

அன்றிலிருந்து அவர்கள் வரும் நாளெல்லாம் சபை கூடியது. இரைச்சல், தனிமை, வேலையைப் பிடுங்கும் இயந்திரம் என்று இந்தக் காலத்துத் தொல்லை ஒன்றையும் விடவில்லை.

ஒருநாள் சிஸ்டருக்கு ஊசி சரியாக இறங்கவில்லை. "என்னாச்சு சிஸ்டர், இன்னைக்குக் கவனம் இங்க இல்லையே?" என்று லாரிக்காரர் கேட்டதும், சிஸ்டரின் கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்கு மறதி நோய். வெளியே கிளம்பிப் போய், வழி தெரியாமல் தெருவில் நின்றுவிடுகிறார். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்கிறாள்தான், ஆனாலும் எவ்வளவு நேரம்? வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் ஒரு கேமரா அனுப்பியிருக்கிறார். பெற்ற அப்பாவைத் திருடனைக் கண்காணிப்பதுபோல் கண்காணிக்க சிஸ்டருக்கு மனம் வரவில்லை.

சபை உடனே கூடியது. புத்தர் மூச்சை இழுத்து விட்டார். "முதுமையைப் பார்த்துத்தானே புத்தரே அரண்மனையை விட்டுக் கிளம்பினாரு. பயம் வரத்தான் செய்யும் சிஸ்டர்." மகாவீரர், "உயிரைக் காப்பாத்துறது நல்லதுதான். ஆனா உத்து உத்துப் பார்க்கிறதும் ஒரு அடி மாதிரிதான்," என்றார். வாத்தியாருக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்பாகிட்ட கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. அன்று மாலை சிஸ்டர் வீட்டுக்குப் போய்க் கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூடத்துல வை. ஆனா நீ மட்டும் என்னைப் பார்த்தா எப்படிம்மா? நானும் உன்னைப் பார்க்கணும்ல," என்றார்.

அண்ணனின் கேமரா பெட்டியிலேயே இருந்துவிட்டது. இருவரும் வீடியோவில் பார்த்துக்கொள்ள, கூடத்தில் ஒரு டேப்லெட் திரையும், ஆஸ்பத்திரி மேஜையில் தன் முகம் மட்டும் தெரியும்படி போனுமாக வைத்தார். சில வாரங்கள் நன்றாகப் போயின. பிறகு ஒரு மதியம் திரையில் வெறும் நாற்காலி. பக்கத்து வீட்டுப் பெண் குளிக்கப் போன நேரம், அப்பா கிளம்பிவிட்டிருந்தார்.

சிஸ்டரால் கட்டில்களை விட்டு நகர முடியாது. லாரிக்காரர்தான் கட்டிலில் படுத்தபடியே போனை எடுத்தார். "டேய், எவன் எவன் எந்த ரோட்டுல இருக்கீங்க?" பழைய கூட்டாளிகள் எல்லோரும் தேட, கடைசியில் பஸ் ஸ்டாண்டில் ஒரு தண்ணீர் லாரிக்காரர் கண்டுபிடித்து, தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். இறங்கிய அப்பாவின் ஒரு காலில் மட்டும் செருப்பு.

"எங்க கிளம்பினீங்கப்பா?" சிஸ்டர் திட்டத்தான் வாயெடுத்தார்.

"அந்தத் திரையில உன் முகம் வாடிக் கிடந்துச்சு. சாப்பிட்டியான்னு கேக்கலாம்னு வந்தேன்."

மறுநாளே சிஸ்டர் பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டார். அப்பா இனிமேல் வராந்தாவில், நோயாளிகளின் உறவினர்கள் காத்திருக்கும் பெஞ்சில் உட்காரலாம் என்றாயிற்று. கடைக்கார அம்மாவை அழைத்துவரும் மருமகள் அவருக்குத் துணை. மாமியார் முதல்முறையாக, "அவ பார்த்துக்குவா, பொறுமைசாலி," என்றார். அப்போது அவர் மகாவீரராகவும் இல்லை.

லாரிக்காரர் அந்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இல்லாமல் சபை சில காலம் கூடவே இல்லை.

அப்பாவின் மறதியும் முற்றியது. சீருடையில் வரும் மகளை இப்போது அடையாளம் தெரிவதில்லை. "சிஸ்டர், என் பொண்ணு இங்கதான் எங்கேயோ வேலை பார்க்கிறா," என்பார். முதல்நாள் கழிவறைக்குள் போய் அழுதார் சிஸ்டர். இப்போது, "இதோ வந்துடுவாங்கய்யா," என்கிறார். வேலை முடிந்ததும் வீட்டு உடை மாற்றிக்கொண்டு பெஞ்சுக்கு வருவார்.

"வந்துட்டியாம்மா? ரொம்ப நேரமாக்கிட்ட," என்று கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார் அப்பா.