ஒன்பதுக்குப் பதில் பத்து ஊற்றிய கதை

ஈரப் பஞ்சில் முளைவிட்ட பச்சைப்பயறின் வாசனை எங்காவது வந்தால் போதும்... பிளஸ் ஒன் லேப்பும் ஸ்டெல்லாவின் முறைப்பும் ஞாபகம் வந்துவிடும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த புராஜெக்ட் அது. மயில்துத்தம் எனும் காப்பர் சல்பேட் கரைசலை மூன்று தடவை நீர்க்க வைத்து, எந்த அளவில் பயறு முளைக்கிறது என்று பார்ப்பது. கரைசல் கலக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு.

எனக்கு அது வெறும் மார்க். ஸ்டெல்லாவுக்கு அப்படி இல்லை. பிளஸ் டூ முடிந்ததும் அவளை வேலைக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடுவதாக அவள் அப்பா முடிவு செய்திருந்தார்.

"மாவட்டத்துக்கு செலக்ட் ஆயிட்டா அப்பாவ திருவள்ளூருக்கு இட்டுக்கினு போவேன்டி. அத்த பாத்தா காலேஜுக்கு ஒத்துக்குவாரு" என்பாள், தினமும்.

என் அப்பாவுக்கு ஸ்டீல் கம்பெனியில் துரு எடுக்கும் தொட்டியில் வேலை. பத்து மக் தண்ணீருக்கு ஒரு மக் ஆசிட் என்பது எங்கள் வீட்டில் வாய்ப்பாடு மாதிரி. நானும் அதே கணக்கில் நூறு மில்லி தண்ணீரில் பத்து மில்லி கரைசலைக் கலந்தேன். அதிலிருந்து பத்து எடுத்து மறுபடி நூறில்... இப்படி மூன்று தடவை. சார்ட்டில் 1/10, 1/100, 1/1000 என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியாயிற்று.

கண்காட்சி அன்று காலை, செய்துகாட்டிப் பழகலாமே என்று நூறு மில்லி அளவு ஜாடியில் முதலில் பத்து மில்லி கரைசலை ஊற்றினேன். அதன்மேல் தண்ணீர். தொண்ணூறு ஊற்றியதுமே நூறு என்ற கோடு வந்துவிட்டது.

அப்படியென்றால் நான் ஒவ்வொரு தடவையும் பத்து மில்லி தண்ணீர் அதிகமாக ஊற்றியிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஸ்டெல்லாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"இன்னாடி சொல்ற... மொளைச்சு அஞ்சு நாளாச்சு. இப்ப வந்து சொல்லிக்கினு நிக்கிற?"

பேனாவைப் பிடுங்கி, பழைய எண்களை அடித்துவிட்டு 1/11, 1/121, 1/1331 என்று எழுதினாள். சார்ட் பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

நடுவர் நேராக அங்கேதான் விரலை வைத்தார். "ஏன்மா அடிச்சு வெச்சிருக்கீங்க?"

"தண்ணி ஒம்போது பங்கு ஊத்தணும் சார். நாங்க பத்து ஊத்திட்டோம். அதான் பத்துல ஒண்ணு இல்ல, பதினொண்ணுல ஒண்ணு. மூணு வாட்டியும் அதே தப்பு" என்றாள் ஸ்டெல்லா. என் பெயரைச் சொல்லவே இல்லை.

பரிசு எங்களுக்கு இல்லை. திருவள்ளூரும் இல்லை.

ஆனால் அவள் அப்பா ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நாங்கள் மேஜையைக் காலி செய்யும்போது பக்கத்தில் வந்தார்.

"பரிசு கெடக்குது உடும்மா. அந்தாளு அப்டி கேட்டும் மறைக்காம சொன்ன பாரு... ஆமா, இந்தக் காலேஜு ஃபாரம்லாம் எப்ப குடுப்பாங்க?"

ஸ்டெல்லா அப்போதுதான் அழுதாள்.

இன்று நான் ஒரு பெயின்ட் கம்பெனி லேப்பில் இருக்கிறேன். எண்ணைத் தட்டினால் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. ஸ்டெல்லா சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள். இப்போதும் வேலையில் தப்பு நேர்ந்தால் முதல் போன் அவளுக்குத்தான். நன்றாகத் திட்டுவாள்... திட்டி முடித்துவிட்டு, "சரி, இப்ப இன்னா பண்லாம்னு சொல்லு" என்பாள்.